முன்னாள் அமைச்சர் மீதான வழக்கை விடாமல் பின்தொடர்வது எப்படி

"முன்னாள் அமைச்சர் மீது குற்றப்பத்திரிகை" என்று செய்தி வந்ததும் பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுகிறோம். வழக்கு நீர்த்துப்போவதே அதற்கு அப்புறம்தான், வாய்தா மேல் வாய்தாவாக. அதனால் முதலில் வழக்கின் சிஎன்ஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணைப் பிடியுங்கள். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16 இலக்கம். இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் போன வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்தது எப்போது என்று வரும்.

அடுத்து, வழக்கு நடத்த அரசின் அனுமதி. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி அது இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. 2018 திருத்தத்துக்கு அப்புறம், பதவியை விட்டு இறங்கியவருக்கும் இது பொருந்தும். மூன்று மாதத்தில் முடிவு சொல்லப் பார்க்க வேண்டும், சட்ட ஆலோசனைக்கு இன்னும் ஒரு மாதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கோப்பு போன தேதியைக் குறித்துவைத்து மாதங்களை எண்ணுங்கள்.

சரி, இதையெல்லாம் விட முக்கியமாக, ஆட்சி மாறும் நாளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு தொடங்கியது 1996-இல். 2001-இல் அவர் மறுபடி முதல்வரானதும், ஏற்கனவே சாட்சி சொல்லி முடித்திருந்த 76 பேர் குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள், அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள், அரசு வழக்கறிஞர் இதற்கு ஆட்சேபணையே தெரிவிக்கவில்லை. திமுகவின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். அரசியல் எதிரிதானே என்று தள்ளாமல், வழக்கில் அக்கறையுள்ள தரப்பு என்று அவரை ஏற்று, 2003 நவம்பரில் வழக்கை பெங்களூருக்கு மாற்றினார்கள். ஆகவே "சாட்சி மறு அழைப்பு" என்று ஒரு வரி கண்ணில் பட்டால், யார் மனுப் போட்டது, அரசுத் தரப்பு என்ன சொன்னது என்று அன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், தீர்ப்பைச் செய்தியில் படிப்பதோடு நிறுத்தாமல் முழுசாக இறக்கிப் படியுங்கள், கணக்கு இருந்தால் கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள். அதே வழக்கில் 2014-இல் நான்கு ஆண்டு சிறை, 100 கோடி அபராதம் என்று வந்ததை 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, வருமானத்தை விடக் கூடுதலான சொத்து 8.12 சதவீதம்தான் என்று. அந்தத் தீர்ப்பிலேயே, வருமானமாகக் கணக்கில் எடுத்த பத்துக் கடன்களின் பட்டியல் இருக்கிறது. கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போட்டிருந்தார்கள். கூட்டினால் வருவது 10.67 கோடி. பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம்!

2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது, சசிகலா உட்பட மூவர் சிறைக்குப் போனார்கள். ஜெயலலிதா அதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்திருந்தார், அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. 21 வருஷம். இப்போது ஓடும் வழக்கு எதையாவது எடுத்தால், நோட்டின் முதல் பக்கத்திலேயே குற்றஞ்சாட்டப்பட்டவரின் வயதையும் எழுதிவையுங்கள்.