பீரோவா, தலையணையா? கேரக்டர் வரையும்போது கேட்க வேண்டிய கேள்வி

கார்ட்டூன் படங்களுக்குக் கேரக்டர் வரைவது என் வேலை. சில வருடங்களுக்கு முன் குழந்தைகள் படம் ஒன்றுக்காக ஒரு பஸ் கண்டக்டரை வரைந்தேன். நெஞ்சும் வயிறும் சேர்ந்து ஒரே சதுரம், மேலே சின்னத் தலை, இடுப்போரம் அரைவட்டமாகத் தோல் பை. முன்பக்கம் அம்சமாக இருந்தது. வரைந்ததை முப்பரிமாண உருவமாக்கும் மாடலிங்காரர் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சைடுல இவருக்கு எவ்வளவு கனம்?” என்னிடம் பதில் இல்லை. ஷேப்பை வரைந்திருந்தேன், ஃபார்மை யோசிக்கவில்லை.

ஷேப் என்பது வெளிக்கோட்டுக்குள் அடங்கும் பரப்பு. ஃபார்ம் அதன் கனம்; கையில் எடுத்தால் உருண்டையா தட்டையா என்று தெரிகிறதே, அது. தாளில் ஒரு வட்டம் போடுங்கள். அது லட்டாக இருக்கலாம், அப்பளமாக இருக்கலாம், மேலிருந்து பார்த்த இட்லியாகவும் இருக்கலாம். பக்கவாட்டில் பார்த்தால் லட்டு வட்டமாகவே இருக்கும், அப்பளம் வெறும் கோடாகிவிடும், இட்லி நடுவில் தடித்து ஓரத்தில் ஒடுங்கும்.

அதனால் கண், மூக்கு எதையும் தொடுவதற்கு முன் கட்டைவிரல் அளவில் பத்துப் பன்னிரண்டு உருவங்களைக் கறுப்பாக நிரப்பி வரையுங்கள். வட்டம் என்றால் மென்மை, சதுரம் என்றால் உறுதி, முக்கோணம் என்றால் கூர்மை என்று எல்லோரும் சொல்வார்கள். தொடங்குவதற்கு அது போதும். பிடித்ததை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியும் என்ன பொருள் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

என் கண்டக்டரின் சதுரத்துக்கு இரண்டு பதில்கள் இருந்தன: பீரோ, தலையணை. முன்னாலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே சதுரம்தான். ஆனால் பீரோ கண்டக்டர் சில்லறை இல்லையென்றால் இறக்கிவிடுவார். தலையணை கண்டக்டர் “அப்புறம் வாங்கிக்கோ” என்பார். ஆளின் குணத்தில் பாதி ஷேப்பில் இருக்கிறது, மீதி ஃபார்மில்தான் வருகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் தலையணையை எடுத்தேன்.

அந்தக் கனத்தைத் தாளில் கொண்டுவர ஒரு பயிற்சி. பெரிய கத்தரிக்காய் ஒன்றில் நாலைந்து ரப்பர் பேண்டுகளை மேலும் கீழுமாக மாட்டி, கண் உயரத்தில் நிறுத்திவையுங்கள். கண்ணுக்கு நேராக உள்ள பேண்ட் நேர்கோடாகத் தெரியும். கீழே போகப் போக கீழ்நோக்கி வளையும், மேலே உள்ளவை மேல்நோக்கி வளையும். காயைச் சற்றுச் சாய்த்தால் எல்லா வளைவும் மாறும். அதைப் பார்த்து வரையுங்கள், பத்து முறையாவது. பிறகு உங்கள் கேரக்டரின் பெல்ட், காலர், சட்டை மடிப்பு எல்லாவற்றையும் அந்த ரப்பர் பேண்டுகளாக நினைத்துப் போடுங்கள். பெல்ட்டை நேர்கோடாக இழுத்தால் வயிறு அட்டையாகிவிடும்.

நிழலும் இதே கணக்குதான். பீரோவில் வெளிச்சம் விளிம்பில் சட்டென்று முடியும், தலையணையில் மெல்லக் கரையும்.

சரி, எப்போதும் ஃபார்முக்குக் கட்டுப்பட வேண்டுமா? வேண்டாம். மிக்கி மவுஸின் காதுகளைப் பாருங்கள். கையால் வரைந்த படங்களில் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரும்பாலும் அவை இரண்டு முழு வட்டங்களாகவே நிற்கும். நிஜத்தில் எந்தக் காதும் அப்படி நிற்காது. ஆனால் அந்த ஷேப்தான் அடையாளம் என்பதால் ஃபார்ம் விட்டுக்கொடுக்கிறது. நீங்களும் ஒரே ஒரு இடத்தில் இப்படிச் செய்யலாம். மற்ற இடங்களில் கனம் சரியாக இருந்தால்தான் அது எடுபடும்.

கடைசியாக முன், முக்கால் (முன்னுக்கும் பக்கத்துக்கும் நடுவே திரும்பிய கோணம்), பக்கம், பின் என்று நான்கு கோணங்களையும் ஒரே வரிசையில் வரையுங்கள். கண், தோள், இடுப்பு உயரங்களுக்குக் குறுக்கே கோடு இழுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் கறுப்பால் நிரப்புங்கள். எந்தக் கோணத்தில் ஆள் தெரியவில்லையோ, அங்கே வேலை பாக்கி.

என் கண்டக்டருக்குப் பக்கவாட்டில் பை காணாமல் போனது. உடம்புக்கு நேராக வந்து கறுப்போடு கறுப்பாகிவிட்டது. அதை இடுப்போரத்திலிருந்து நாலு விரல் முன்னே தள்ளி, பையின் வாயை அகலப்படுத்தினேன். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் பை துருத்திக்கொண்டு நிற்கிறது.