ஸ்விட்ச் லாகினை ரேடியஸ் சர்வருக்கு மாற்றுவது எப்படி?

நெட்வொர்க்கில் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பத்து இருந்தால் பத்திலும் தனித்தனிப் பயனர் கணக்கு. ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஒவ்வொன்றாக நுழைந்து நீக்க வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் இருந்தால் அங்கே நீக்கினால் போதும். இங்கே சிஸ்கோவின் ஐஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் ஸ்விட்சும், ஃப்ரீரேடியஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடும் ரேடியஸ் சர்வரும் எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலம்தான்.

படி 1: தப்பிக்க வழி

சர்வரைத் தொடும் முன், ஸ்விட்சிலேயே ஒரு உள்ளூர்க் கணக்கு வேண்டும்:

யூசர்நேம் அவசரம் பிரிவிலேஜ் 15 சீக்ரெட் கடவுச்சொல்

சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 30' கொடுங்கள். உள்ளே நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் ஸ்விட்ச் பழைய அமைப்போடு மறுபடி எழும். எழும்போது நெட்வொர்க் கொஞ்ச நேரம் நிற்கும் என்பதால் யாரும் வேலை செய்யாத நேரம் பாருங்கள். கடைசிப் படிவரை மறுபடி சேமிக்க வேண்டாம்.

படி 2: சர்வர் பக்கம்

ஃப்ரீரேடியஸின் கிளையன்ட்ஸ் கோப்பில் ஸ்விட்சின் ஐபி முகவரியும் ஒரு ரகசியச் சாவியும், யூசர்ஸ் கோப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். பயனருக்கு 'சர்வீஸ்-டைப்' மதிப்பாக 'அட்மினிஸ்ட்ரேடிவ்-யூசர்' கொடுங்கள். இது விட்டுப்போனால் லாகின் ஆகும், ஆனால் முழு அதிகாரத்தைக் காட்டும் '#' வராமல் '>' மட்டும் வரும்.

படி 3: ஸ்விட்ச் பக்கம்

ஏஏஏ நியூ-மாடல்
ரேடியஸ் சர்வர் முதன்மை
அட்ரஸ் ஐபிவி4 சர்வர்-முகவரி ஆத்-போர்ட் 1812 அக்ட்-போர்ட் 1813
கீ ரகசியச்-சாவி
எக்ஸிட்
ஏஏஏ ஆதென்டிகேஷன் லாகின் டிஃபால்ட் குரூப் ரேடியஸ் லோக்கல்
ஏஏஏ ஆதரைசேஷன் எக்ஸெக் டிஃபால்ட் குரூப் ரேடியஸ் லோக்கல்

'ஏஏஏ' என்பது நுழைவுச் சோதனை, அனுமதி, கணக்குப் பதிவு மூன்றின் சுருக்கம். முதல் வரியை அடித்த உடனே ரிமோட் லாகின்கள் உள்ளூர்க் கணக்கைக் கேட்க ஆரம்பித்துவிடும். படி 1 முதலில் வந்தது அதனால்தான். போர்ட் எண்களையும் விட்டுவிடாதீர்கள்; பழைய ஐஓஎஸ்ஸில் இயல்பாக இருப்பவை 1645, 1646.

கடைசியில் நிற்கும் 'லோக்கல்' பலரையும் குழப்பும். சர்வர் பதிலே சொல்லாமல் இருந்தால் மட்டும்தான் ஸ்விட்ச் உள்ளூர்க் கணக்கைப் பார்க்கும். சர்வர் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அதாவது, சர்வர் உயிரோடு இருக்கும்போது 'அவசரம்' கணக்கு வேலை செய்யாது. அது கோளாறு இல்லை.

படி 4: சோதனை

இப்போதைய விண்டோவை மூடாமல் இன்னொன்றில் லாகின் செய்து பாருங்கள். நுழைய முடியவில்லையா? சர்வரை, நடப்பதையெல்லாம் திரையில் காட்டும் டீபக் முறையில் ஓடவிடுங்கள். கோரிக்கையே வரவில்லை என்றால் வழியில் ஃபயர்வால் தடுக்கலாம். தெரியாத கிளையன்ட் என்று சர்வர் ஒதுக்கினால் ஸ்விட்ச் வேறு ஐபியிலிருந்து அனுப்புகிறது. எந்த முகவரியிலிருந்து அனுப்ப வேண்டும் என்று சொல்லும் 'ஐபி ரேடியஸ் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்' கட்டளை கொண்டு அதைச் சரிசெய்யலாம். கடவுச்சொல் குப்பை எழுத்துகளாகத் தெரிந்தால் இரு பக்கச் சாவியும் பொருந்தவில்லை.

அப்புறம் சர்வரை நிறுத்திவிட்டு 'அவசரம்' கணக்கில் நுழையுங்கள். இயல்பான அமைப்பில் 5 விநாடி காத்திருப்பு, 3 மறுமுயற்சி. 20 விநாடிபோல ஆகும், பொறுங்கள். இரண்டும் சரி என்றால் சர்வரை ஓடவிட்டு, 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமியுங்கள்; 'ரீலோட் கேன்சல்' கொடுத்து படி 1-இல் வைத்த ரீலோடை நிறுத்துங்கள்.