ரோசாவின் அடித்தண்டில் வந்த கழலை

கல்லடி ஊரில் என் முற்றத்து ரோசா பூக்காமல் குன்றியது. அடிமண்ணை விலக்கினால், தண்டும் வேரும் சேருமிடத்தில் பாக்கு அளவில், கரடுமுரடாக இறுகிய ஒரு கட்டி. சீவியெடுத்தும் மறுபடி தடித்தது.

காரணம் அக்ரோபற்றீரியம் என்ற மண்வாழ் பற்றீரியா. 1907இல் அமெரிக்கத் தாவரநோய் ஆய்வாளர்கள் சிமித்தும் டவுன்சென்டும் அடையாளங் கண்டது. காயத்தின் வழியே நுழைந்து, தன் மரபணுத் துண்டொன்றைச் செடியின் கலத்துக்குள்ளேயே செருகிவிடுகிறது. பிறகு பற்றீரியா அழிந்தாலும் கட்டி வளரும்! மருந்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

செடியை வேரோடு பிடுங்கி எரித்தேன். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் இடையில் பிளீச் கரைசலில் நனைக்கிறேன். அந்தக் குழியில் இப்போது சோளன் நிற்கிறது. சோளன், நெல் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களை இந்நோய் பெரும்பாலும் தீண்டாது. புது ரோசாவை அடித்தண்டைத் தடவிப் பார்த்தே வாங்கி, வேறு மண்ணிட்ட தொட்டியில் வைத்தேன். நன்றாகத் துளிர்க்கிறது.