சிபாப் டியூபில் மழை: மதுரை வீட்டில் சொட்டு விழாமல் தூங்க ஒரு செய்முறை

போன சித்திரையில் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். மூக்கு நுனியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்து முழித்துக்கொண்டேன். வெளியே மழையா என்றால், வில்லாபுரத்தில் மழை பெய்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று போகாமல் இருக்க நான் மாட்டிக்கொண்டு படுக்கும் சிபாப் மெஷினின் மாஸ்க்கைக் கழற்றி, டியூபை ஆட்டிப் பார்த்தேன். 'களக் களக்' என்றது. "என்னங்க, உங்க மெஷின் வாய் கொப்பளிக்குது" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கெடவில்லை. சிபாப் வாங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கும் இது நடக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'ரெயின் அவுட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் எதில் கை வைக்க வேண்டும், எதில் வைக்கக் கூடாது என்று தெரிய வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த காற்றழுத்த அளவை மட்டும் தொடாதீர்கள். அதற்கும் இந்தத் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிற ஸ்லீப் ஆப்னியாவுக்கு, அறைக் காற்றையே இழுத்து ஓர் அழுத்தத்தில் மூக்குக்குள் செலுத்துவதுதான் சிபாப். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் இதை உலகுக்குச் சொன்னார். ராத்திரி முழுக்க மூக்கில் காற்று அடித்தால் தொண்டை வறண்டு போகும். அதனால் மெஷினோடு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் ஒரு சூட்டுத் தட்டு. காற்று அந்தத் தண்ணீரைத் தடவிக்கொண்டு வெதுவெதுப்பாக வெளியே வரும். இந்தப் பகுதிக்குத்தான் ஹியூமிடிஃபயர் என்று பெயர்.

இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஆவி குளிர்ந்த மூடியில் பட்டதும் துளியாகிவிடுகிறது. சிபாபில் டியூபும் மாஸ்க்கும்தான் அந்த மூடி.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் கீழே விழுந்தே ஆக வேண்டும். மாஸ்க்கில் மூச்சு வெளியேறத் துளைகள் உண்டு; அவற்றின் வழியாகவே நிமிடத்துக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் காற்று போகும் என்று வைத்தால், ஏழு மணி நேரத்தில் 12 கன மீட்டருக்கு மேல் ஆகிறது. கன மீட்டருக்கு வெறும் 3 கிராம் விழுந்தாலும் விடியும்போது 35 மில்லிக்கு மேல் சேர்ந்துவிடும். சின்ன காபி டம்ளரில் கால்வாசி! அதில் ஒரு சொட்டு மூக்கில் விழுந்தது பெரிய ஆச்சரியமில்லை.

படி 1: முதலில் டார்ச்சை எடுங்கள்

காலையில் எழுந்ததும் எதையும் கழற்றாமல் செல்போன் டார்ச்சை டியூபில் அடித்துப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதுதான் பாதி விடை. டியூப் வளைந்து தொங்கும் இடத்தில் குளம் கட்டி இருந்தால் கோளாறு டியூபில். டியூப் காய்ந்து மாஸ்க் மட்டும் நனைந்திருந்தால் அது வேறு கதை. படி 5-க்குப் போங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முந்தின நாள் டியூபைக் கழுவினீர்களா? கழுவிய தண்ணீர் சரியாக வடியாமல் உள்ளேயே நின்றிருக்கலாம். நான் இரண்டு நாள் இதில் ஏமாந்திருக்கிறேன். கழுவிய டியூபை நிழலில் தொங்கவிட்டுக் காய வையுங்கள். நம் ஊர் வெயிலைப் பார்த்ததும் மொட்டை மாடிக் கொடியில் போடத்தான் கை போகும். போடாதீர்கள், நேர் வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் வீணாகும்.

படி 2: ஏசி ரிமோட்

மதுரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதே இந்த ஒரு படிதான். மற்றவை எல்லாம் துணைக்கு.

வெளியே 39 டிகிரி காய்கிற ஊரில் டியூபில் தண்ணீர் குளிர்ந்து நிற்கிறது என்றால், குளிர் எங்கிருந்து வந்தது? நாம் காசு கொடுத்து வரவழைத்தது. பகலெல்லாம் வெந்து வந்த கோபத்தில் படுக்கையறை ஏசியை 18-இல் வைத்துவிடுகிறோம். ஏசி காற்றை வறளவும் வைக்கும். தொண்டை காய்கிறதே என்று ஹியூமிடிஃபயரை ஏற்றுகிறோம். ஈரத்தையும் ஏற்றி, அறையையும் குளிர வைத்தால் மழை வராமல் என்ன செய்யும்? எனக்கு மெஷின் விற்றவர் ஈரப்பத அளவை உச்சத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, "கூட இருந்தா நல்லதுதான் அண்ணே" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

சூடாகும் டியூப் வைத்திருக்கும் சில மெஷின்கள் காற்றை ஏறக்குறைய 27 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில் கொடுக்கப் பார்க்கும். அப்படிப்பட்ட காற்று 24 டிகிரியை ஒட்டித்தான் துளியாகத் தொடங்கும். அதாவது, காற்று படுகிற இடம் 24-க்கு மேல் இருக்கும்வரை அந்தக் காற்றிலிருந்து தண்ணீர் விழ வழியே இல்லை. 2020-இலிருந்து இந்தியாவில் நட்சத்திர முத்திரையோடு விற்கும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல்தான் நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட விதி. நமக்கு அதற்கு இரண்டு டிகிரி மேலே போனால் போதும்.

ஏசியை 26-இல் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுங்கள். முதல் இரண்டு ராத்திரி புழுங்குகிற மாதிரி தோன்றும், அப்புறம் பழகிவிடும். ஏசியின் காற்று கட்டில் தலைமாட்டில் நேராக அடிக்காமல் அதன் தகட்டை மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். அறை 26 காட்டினாலும் ஏசியிலிருந்து நேராக வரும் காற்று அதைவிட ரொம்பக் குளிர்ச்சி. டியூப் அதன் வழியில் கிடந்தால் எந்தக் கணக்கும் செல்லாது.

எனக்கு இது ஒன்றிலேயே முக்கால்வாசித் தண்ணீர் நின்றுபோனது. ஒரு பைசா செலவில்லை, கரண்ட் பில்லும் குறைந்தது.

படி 3: மெஷின் கீழே, தலை மேலே

மெஷினைத் தலைமாட்டு அலமாரியில், தலைக்கு மேல் வைக்காதீர்கள். டியூபில் விழும் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். பள்ளத்தில் உங்கள் மூக்கு இருந்தால் மூக்குக்குத்தான் வரும். கட்டிலை விடத் தாழ்ந்த முக்காலி போதும். வெறும் தரை வேண்டாம். தூசியை இழுக்கும், தவிர எறும்பு இருக்கிறது.

டியூப் கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது. அந்தத் தொங்கலில்தான் 'களக் களக்' பிறக்கிறது. சிலர் கொசுவலைக் கம்பியில் டியூபைக் கட்டி மேலிருந்து இறக்குகிறார்கள். புரண்டு படுக்க வசதிதான், ஆனால் கம்பிக்கு இந்தப் பக்கம் விழும் துளி மாஸ்க்குக்கே வரும். சூடாகும் டியூப் இருந்தால் அப்படிக் கட்டலாம், சாதா டியூபுக்கு வேண்டாம். எப்படிப் போட்டாலும் நீளமான டியூபைக் கழுத்துப் பக்கம் சுருட்டி விடாதீர்கள்.

படி 4: டியூபின் சூடு

டியூபில் இரண்டு வகை. சாதா டியூப் வெறும் பிளாஸ்டிக். சூடாகும் டியூபின் சுவரில் ஒரு மெல்லிய கம்பி சுருள் சுருளாக ஓடும். மெஷினில் மாட்டும் முனையில் மின் இணைப்புப் பற்கள் இருக்கும்.

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் தவறு, அந்த முனையை அரைகுறையாகச் செருகுவது. காற்று வரும், சூடு வராது. 'க்ளிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். சரியாக மாட்டியிருந்தால் திரையில் டியூப் வெப்பநிலை என்ற வரி வரும். இருபது நிமிடம் கழித்துத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு தெரியும். சுடக் கூடாது, சுட்டால் உடனே கழற்றிவிட்டு விற்றவரிடம் காட்டுங்கள்.

இப்போது அளவுகள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10-ஐ எடுத்துக்கொண்டால், டியூப் சூட்டை 16 முதல் 30 டிகிரி வரை வைக்கலாம். ஈரப்பதம் 1 முதல் 8 வரை. மற்ற மெஷின்களில் எண்கள் மாறும், வேலை ஒன்றுதான். தண்ணீர் டியூபுக்குள் நின்றால் டியூப் சூட்டை ஒரு டிகிரி ஏற்றுங்கள். இரண்டு ராத்திரி பாருங்கள். நிற்கவில்லையா, ஈரப்பதத்தை ஒரு எண் இறக்குங்கள். ஒரே ராத்திரியில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான் அப்படி மாற்றி மாற்றிக் குழம்பி, கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி, ஏசி, டியூப், ஈரம் என்று நான்கு கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

சூடாகும் டியூப் இல்லையா? தேங்காய்ப்பூத் துண்டு இருக்கிறதே. டியூப் பொதுவாக இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும். அந்த நீளத்துக்கு, 13 சென்டிமீட்டர் அகலத்தில் துண்டை வெட்டி ஒட்டுப் போட்டு, நீளவாக்கில் மடித்து ஓரம் தைத்தால் உறை தயார். குன்னத்தூர் சத்திரத்துத் தையல்காரரிடம் கொடுத்தபோது, "இது எந்தச் சாமிக்கு அண்ணே?" என்று கேட்டார். புதுமண்டபத்தில் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்குத் தைத்துப் பழகிய கை. முதலில் வீட்டம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில்தான் தைக்கக் கொடுத்தேன். பார்க்க அழகு, ஆனால் துணி மெலிசு, குளிரைத் தடுக்கவில்லை. துண்டுதான் சரி. சூடாகும் டியூபுக்கு இந்த உறை பெரும்பாலும் தேவைப்படாது. சில கம்பெனிகள் அதை மூடக் கூடாது என்றே கையேட்டில் எழுதியிருப்பார்கள், படித்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 5: மாஸ்க் மட்டும் நனைந்தால்

டியூபின் சூடு மாஸ்க்கின் கழுத்தோடு முடிந்துவிடுகிறது. மாஸ்க்கைச் சூடாக்கக் கம்பி எதுவும் இல்லை. தவிர, நாம் விடும் மூச்சே வெதுவெதுப்பான ஈரக் காற்று. அது குளிர்ந்த மாஸ்க்கில் படிந்து சொட்டும். காலையில் மெல்லிய பனி மாதிரி படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். மீசை நனைந்தால்தான் கவலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மெஷின் ஆட்டோவில், அதாவது ஈரப்பதத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பில், இருக்கும்போது டியூப் சூட்டை ஏற்றினால், சூடான காற்றிலும் அதே 85 சதவீதத்தைப் பிடிக்க அது இன்னும் அதிகத் தண்ணீரைச் சேர்க்கப் பார்க்கும். டியூப் உலரும், மாஸ்க் நனையும். அதனால் மாஸ்க் மட்டும் நனைகிறவர்கள் ஆட்டோவை விட்டு, ஈரப்பத அளவைத் தனியாக இறக்க வேண்டும். 4-இல் இருந்தால் 3. தொண்டை வறளாத வரை இறக்கிக்கொண்டே போகலாம்.

சொட்டு வருகிறதே என்று மாஸ்க்கைத் துணியால் சுற்றாதீர்கள். முன்பக்கத் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. நீங்கள் வெளியே விட்ட கெட்ட காற்று போகும் வாசல் அதுதான்.

மற்ற சில

தொட்டியில் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். மெடிக்கல் ஷாப்பில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரிக் கடைக் கேன் வேண்டாம். மெஷினை நகர்த்தும் முன் தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மெஷினுக்குள் போய்விடும். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காய வையுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது தொட்டிச் சூட்டையும் டியூப் சூட்டையும் அணைத்துவிடலாம். பேட்டரியைக் குடிப்பது அவைதான். இன்வெர்ட்டரே இல்லை, மெஷினும் நின்றுவிட்டது என்றால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்து படுக்கிறீர்களா? அந்தப் புழுக்கத்தில் காற்றிலேயே வேண்டிய ஈரம் இருக்கும். ஈரப்பதத்தை 1-க்கு இறக்கிப் பாருங்கள், அணைத்தும் பாருங்கள். எனக்கு அந்த இரண்டு மாதமும் தொட்டி காலியாகத்தான் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் மட்டும் ஜன்னலை மூடிவிடுங்கள்.

கொடைக்கானலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இந்தக் கணக்கெல்லாம் தலைகீழானது. 2,100 மீட்டர் உயரம், லாட்ஜ் அறையில் ஹீட்டர் இல்லை. டியூப் 30-இல் இருந்தும் மாஸ்க் சொட்டியது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவை அணைத்து ஈரப்பதத்தை 2-க்குக் கொண்டுவந்தேன். மெஷினை ஜன்னலோரத்திலிருந்து கட்டிலின் மறுபக்கம் மாற்றி வைத்தேன். காலையில் தொண்டை கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. மீசை நனையவில்லை.