'ட்ரூ ப்ளூ'வை எப்படிக் கேட்பது

ஜாஸ் கலைஞர் டீனா ப்ரூக்ஸின் 'ட்ரூ ப்ளூ' ஆல்பத்தை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். அவருடைய டெனர் சாக்ஸஃபோன் அதட்டிக் கூப்பிடுகிற ரகம் அல்ல. நாற்பது நிமிடம் ஒதுக்கி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.

முதல் உருப்படி 'குட் ஓல்ட் சோல்'. முதல் தடவை சாக்ஸஃபோனை விட்டுவிட்டு, சாம் ஜோன்ஸின் பாஸை, அதாவது அடிஸ்வரம் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியத்தை, மட்டும் பிடியுங்கள். தனி வாசிப்பு தொடங்கியதும் அது தட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடக்க ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரலால் எண்ணுங்கள். இரண்டிலும் நான்கிலும் மெல்லக் கை தட்டுங்கள். ஹார்ட் பாப் என்கிற இந்த ஜாஸ் பாணியின் உடம்பு அந்தத் தட்டில்தான் இருக்கிறது. பீபாப் என்கிற முந்தைய ஜாஸ் பாணியின் வேகத்தோடு ப்ளூஸையும் தேவாலயப் பாட்டையும் கலந்து, 1950களில் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்தெடுத்த இசை இது.

இரண்டாம் தடவை, ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்து வாசிக்கும் தொடக்க மெட்டை முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு வருகிற தனி வாசிப்பின்போதும் அந்த மெட்டை மனதுக்குள் ஓடவிடுங்கள். ப்ரூக்ஸ் எங்கே அதை ஒட்டிப் போகிறார், எங்கே விலகுகிறார் என்பது தானாகவே பிடிபடும்.

மூன்றாம் தடவை அவருடைய வரிகள் முடியும் இடங்களைக் கவனியுங்கள். எனக்கு உயிரான இடங்கள் அவை. கடைசி ஸ்வரத்தை அவர் ஓங்கி அடிப்பதில்லை. மூச்சோடு சேர்த்து இறக்கிவைக்கிறார். பக்கத்தில் 22 வயது ஃப்ரெடி ஹப்பர்டின் ட்ரம்பெட் பளீரென்று ஒலிப்பதால் இந்த மென்மை இன்னும் துலக்கமாகத் தெரியும்.

அடுத்து ஹப்பர்டின் முதல் ஆல்பமான 'ஓபன் செசமி'யைக் கேளுங்கள். அது பதிவானது 1960 ஜூன் 19. 'ட்ரூ ப்ளூ' ஜூன் 25. இரண்டும் நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானவை. 'ஓபன் செசமி'யின் தலைப்பு மெட்டே ப்ரூக்ஸ் எழுதியதுதான்.

'மைனர் மூவ்'வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1958இல், ஆர்ட் ப்ளேக்கியின் டிரம்ஸும் லீ மார்கனின் ட்ரம்பெட்டும் சேர, ப்ரூக்ஸ் தலைமையில் பதிவானது. அவருடைய முதல் ஆல்பமாக வந்திருக்க வேண்டியது அதுதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிடவில்லை. 1974இல், 42 வயதில் ப்ரூக்ஸ் இறந்தபோது, தன் பெயரில் அவர் கண்ணால் பார்த்திருந்த ஆல்பம் 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான்.