பிள்ளைகளோடு தோல் வேலை: 12 பேர், 3 பொருள், ஒரு அம்மிக்கல்

போன மே மாதம் எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே 12 பிள்ளைகளை உட்கார வைத்துத் தோல் வேலை சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் 8 முதல் 11 வயது. முதல் நாள் சொதப்பல். இரண்டாம் நாள் நிமிர்ந்துவிட்டோம். நடுவில் என்ன மாறியது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

செய்தவை மூன்று: புத்தகக் குறி (3 × 15 செ.மீ.), சாவி வளையத்துக்கான பட்டை (2 × 12 செ.மீ.), சில்லறைப் பை (10 × 18 செ.மீ.). இதே வரிசையில் செய்யுங்கள். பையில் ஆரம்பித்தால் பாதிப் பிள்ளைகள் டீ இடைவேளைக்குப் பிறகு திரும்பி வர மாட்டார்கள்.

தோல்

சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டுக்குப் போகலாம். "வெஜிடபிள் டேன்" என்று கேட்டு வாங்குங்கள். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதப்படுத்திய தோல் அது. கடைகளில் மலையாகக் குவிந்திருப்பது குரோமிய உப்பால் பதப்படுத்திய குரோம் தோல். கைப்பைக்கும் ஷூவுக்கும் அது அருமை, ஆனால் அதில் அச்சு (தட்டிப் பதிக்கும் வடிவம்) நிற்காது. நான் முதலில் வாங்கி வந்தது அதைத்தான். இரண்டு மணி நேரம் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். சந்தேகமிருந்தால் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் பெரும்பாலும் குரோம். மேலே பூச்சு ஏதும் இல்லாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; உடனே குடித்துக் கறுத்தால் நமக்கு வேண்டியது அதுதான். புத்தகக் குறிக்கும் சாவிப் பட்டைக்கும் 2 மி.மீ. தடிமன், பைக்கு 1 மி.மீ. போதும்.

முந்தைய நாள் இரவு

வெட்டுவது, துளை போடுவது இரண்டும் பெரியவர்கள் வேலை. இதில் சமரசம் வேண்டாம். இடுக்கி மாதிரி இருக்கும், சுழலும் தலை வைத்த பஞ்ச் (துளை போடும் கருவி) எனக்குப் பிடிக்காது. மலிவானவை பத்தாவது துளையிலேயே வளைந்துகொள்ளும். குழாய் மாதிரி இருக்கும் 2 மி.மீ. பஞ்சும் ஒரு மரக் கொட்டாப்புளியும் போதும். அடியில் பழைய பிளாஸ்டிக் காய்கறிப் பலகையை வையுங்கள். கல்லின் மேல் வைத்து அடித்தால் பஞ்சின் வாய் மழுங்கிவிடும்.

பைக்கு: 18 செ.மீ. நீளத்தில் கீழே 7 செ.மீ. மடிப்பு, அடுத்த 7 செ.மீ. முதுகு, மிச்சம் 4 செ.மீ. மூடி. மடித்துக் கிளிப் போட்டுவிட்டு, இரண்டு அடுக்கையும் சேர்த்தே துளையிடுங்கள். துளைக்குத் துளை 6 மி.மீ., ஓரத்திலிருந்து 4 மி.மீ. தனித்தனியாகப் போட்டால் தைக்கும்போது துளைகள் ஒன்றோடொன்று சேராது.

ஈரம்: எல்லோரும் வழுக்கும் இடம்

அச்சு பதிய வேண்டுமென்றால் தோல் ஈரமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு ஈரம் என்று யாரும் சொல்வதில்லை. முதல் நாள் நான் ஒரு வாளித் தண்ணீரை வைத்து "முக்கி எடுங்க" என்றேன். முக்கி எடுத்தார்கள், அடித்தார்கள், நட்சத்திரம் பளிச்சென்று விழுந்தது. காய்ந்ததும் பாதி மறைந்துபோனது. தொப்பலான தோல் ஊறிய அப்பளம் மாதிரி. அதில் விழும் பள்ளம் தானாகவே மேலே எழும்பிவிடும். காய்ந்த தோலில் அடித்தாலோ கோடுகூட விழாது.

சரியான முறை இது. ஸ்பாஞ்சைப் பிழிந்து வழவழப்பான பக்கம் முழுவதும் ஒரே சீராகத் துடையுங்கள். தோல் கறுக்கும். இப்போது தொடக் கூடாது. பத்து, பதினைந்து நிமிடத்தில் நிறம் மெல்ல வெளுத்து, பழைய நிறத்தை எட்டப் பார்க்கும். அப்போது எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்து, கன்னத்தில் மட்டும் சில்லென்று இருந்தால் அதுதான் பதம். இரண்டாம் நாள் 12 பேரும் தோலைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு காத்திருந்தார்கள், பல்வலிக்காரர்கள் மாதிரி. மே மாத வெயிலில் பதம் சீக்கிரம் போய்விடும். வேலை முடியும் வரை மிச்சத் துண்டுகளை பிளாஸ்டிக் பையில் மூடி வையுங்கள்.

அச்சு அடிக்கக் கீழே கனமான கல் வேண்டும். எங்கள் வீட்டில் சும்மா கிடந்த அம்மிக்கல்லைப் போட்டோம், அதற்குக் கீழே மடித்த சாக்கு. கீழ்வீட்டு மாமி அப்படியும் ஒருமுறை ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அச்சுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பித்தளை நட்டு, பித்தளை போல்ட்டின் தலை, சட்டை பட்டன், எல்லாம் அழகாக விழும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் பெயரை எழுதலாம். எனக்கு அடித்த அச்சை விட அந்தக் கோணல் எழுத்துதான் பிடித்தது.

தையல்

மெழுகு பூசிய நூல், முனை மழுங்கிய ஊசி. கூரான ஊசியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். துளை ஏற்கெனவே இருக்கிறதே. ஓரம் ஒன்றுக்கு 50 செ.மீ. நூல். ஓட்டுத்தையலாகக் கீழிருந்து மேலே போய், அதே துளைகளின் வழியே திரும்பி வரச் சொல்லுங்கள். முதல் சுற்றில் விட்ட இடைவெளி இரண்டாவதில் நிரம்பிவிடும். மூடிக்குப் பிரஸ் பட்டனைப் பெரியவர்கள் அடித்துக் கொடுக்கலாம். சாவிப் பட்டை இன்னும் சுலபம்: வளையத்தில் கோத்து மடித்து நான்கு தையல், அவ்வளவுதான்.

சேர்க்கை 1: "என் மகன் செய்ததில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி, என்ன ஆயிற்று?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். துருப்பிடித்த இரும்பு போல்ட்டால் அடித்தாராம். ஈரத் தோலில் இருக்கும் மரப்பட்டைச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கலம்காரித் துணியின் கறுப்பும் இதே சங்கதிதான்: கடுக்காயில் நனைத்த துணியில் இரும்பு ஊறிய வெல்லத் தண்ணீரால் வரைவார்கள். இரும்பைத் தவிருங்கள். விழுந்துவிட்ட புள்ளியில் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சுத் துண்டால் தொட்டு ஒற்றினால் ஓரளவு போகும். பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துவிட வேண்டும்.

சேர்க்கை 2: இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சில வீடுகளில் தோலைத் தொடுவதில்லை, சில வீடுகளில் இன்ன மாட்டின் தோல் கூடாது. எங்கள் குழுவிலேயே ஒரு பெண் கடைசி நிமிடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். என்னிடம் மாற்று எதுவும் இல்லை. இப்போதெல்லாம் முன்கூட்டியே பெற்றோரிடம் எந்தத் தோல் என்று சொல்லிவிடுகிறேன். கெட்டியான ஃபெல்ட் துணியும் கொஞ்சம் வெட்டி வைத்திருக்கிறேன். அதே துளை, அதே நூல். அச்சு மட்டும் விழாது. பிறகு ஃபெல்ட் கொடுத்தபோது, அச்சுக்குப் பதிலாக அவள் பட்டன் வைத்துத் தைத்தாள், மற்றவர்களும் பட்டன் கேட்டுச் சண்டை போட்டார்கள்.