ஏலம் வேறு, ஏலக்காய் வேறு

குன்னூரில் வாரந்தோறும் தேயிலை ஏலம் நடக்கிறது. கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் கிலோ பச்சைத் தேயிலைக்கு என்ன கிடைக்கும் என்பது அந்த ஏல விலையை ஒட்டித்தான். பிழைப்போடு இவ்வளவு ஒட்டிய சொல் என்பதாலோ என்னவோ, அதன் பிறப்பைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

அதிகம் காதில் விழுவது ஏலக்காய்க் கதை. மலையில் விளைந்த ஏலத்தைக் கூவி விற்றதால் அந்த விற்பனைக்கே ஏலம் என்று பெயர் வந்ததாம். மணக்கும் கதைதான், உண்மை இல்லை. ஏலக்காயைக் குறிக்கும் ஏலம் பழைய சொல். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலின் பெயரே ஏலாதி. விற்பனையைக் குறிக்கும் ஏலமோ 1498-க்குப் பிறகு போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்தது. அவர்களின் 'லெய்லாம்' என்ற சொல்லுக்கு மூலம், 'அறிவிப்பு' என்று பொருள்படும் அரபுச் சொல். சந்தேகம் இருந்தால் கூடலூரில் மலையாளம் பேசுபவர்களைக் கேளுங்கள். இன்றும் 'லேலம்' என்பார்கள். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் நாம் அதை உதிர்த்துவிட்டோம்.

ஆங்கில 'ஆக்‌ஷன்' இன்னொரு குழப்பம். செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஏலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் எழுதும்போது ஒரே எழுத்துகளாக விழுவதால் இரண்டையும் உறவாக்கிவிடுகிறார்கள். செயலுக்கு வேர் லத்தீன் 'அகெரே', செய்தல். ஏலத்துக்கு வேர் 'அவுகெரே', பெருக்குதல். கேட்கக் கேட்க விலை ஏறுவதால் வந்த பெயர். நூலாசிரியரைக் குறிக்கும் 'ஆதர்'தான் இதன் உண்மையான உடன்பிறப்பு.

டெண்டரையும் ஏலம் என்று எழுதாதீர்கள். அதன் வேர் லத்தீன் 'தெந்தெரே', நீட்டுதல். மூடிய உறையை நீட்டுகிற இடத்தில் யாரும் கூவுவதில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. வேரே 'பெருக்குதல்' என்றால் விலை ஏறினால்தான் அது ஏலம் என்று வாதிடுகிறார்கள். நெதர்லாந்துப் பூச்சந்தையில் விலை காட்டும் கடிகாரம் மேலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்தியவருக்குப் பூ. அதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். குன்னூரிலும் கேட்பாரில்லாமல் தூள் தேங்கிப்போகும் வாரங்கள் உண்டு. அந்த வாரத்தில் லத்தீனைக் காட்டிக் கொழுந்துக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்த்து வாங்க முடியாது.